நான் கண்ட எரிமலை ஏரி



வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடத்திலேயே கழித்தவன் நான். பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னும், காலை ஒன்பது மணி ஆகிவிட்டால் எங்கேனும் மணியோசை கேட்கிறதா என்று என் செவி தானாகவே கூர்கிறது. அத்தகைய ஒருவனை அழைத்து, அயல்நாட்டில் பணியாற்றிய காலத்தில் கண்ட காட்சி ஒன்றைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் பணித்தார்கள். உடனே என் நினைவில் தோன்றியது ஓர் ஏரி. அதனைத் தொடர்ந்து வேறோர் ஏரியும் தோன்றியது. முன்னதை நான் கண்டது எத்தியோப்பியாவில். பின்னது இருப்பது நம் ஜவ்வாது மலையில். முதல் ஏரியைப் பற்றிப் பேசுவது எளிது. இரண்டாவது ஏரியைப் பற்றிப் பேசுவதாயின், நான் செய்த பிழை ஒன்றனையும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பேரரசர் ஹைலி செலாசியின் காலந்தொட்டே நம் நாட்டு ஆசிரியர்கள் பலர் எத்தியோப்பியாவுக்குச் சென்று அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் கற்பித்து வந்தார்கள். பேரரசர் 1974இல் பதவியிழந்தார். நான் சென்ற 1985இல் அங்கு இராணுவ ஆட்சி நடைபெற்றது. நாட்டின் வடபகுதியைக் கொடும்பஞ்சம் வாட்டிய காலமும் அதுவே. தலைநகராகிய அடிஸ் அபாபாவில் எனக்கு வேலை கிடைத்தது. அப்பெயருக்குப் 'புதுமலர்' என்பது பொருள். கடல் மட்டத்திற்கு மேல் 2,300 மீட்டருக்கும் மிகுதியான உயரத்தில் உள்ள நகரம் அது. நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே உயர்ந்தது. கணிதமும் பௌதிகமும் நான் கற்பித்த பாடங்கள்.

1987ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பள்ளியில் புவியியல் கற்பித்த எத்தியோப்பிய நண்பர் ஒருவர், தாம் பிறந்த ஊராகிய பிஷோப்டுவுக்கு எங்களை அழைத்துச் சென்றார். தலைநகருக்குத் தென்கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் அவ்வூர் இருக்கிறது. கேரள நாட்டு ஆசிரியர் இருவரும் உடன் வந்தனர். விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சோறு கிளறிக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினோம்.

வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள். ஆங்காங்கே களம் அமைத்து, எருதுகளைச் சுற்றிவரச் செய்து கதிரடித்துக்கொண்டிருந்தனர். நம் ஊர்ப் போரடிக் களத்தையே கண்டதுபோல் இருந்தது. ஆனால் அவர்கள் அடித்தது நெல் அன்று. 'டெஃப்' என்னும் தானியம். கடுகினும் மிகச் சிறியது அதன் மணி. அம்மாவைப் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் ஊற்றிச் சுட்டெடுக்கும் 'இஞ்சிரா' என்னும் பெரிய தோசையே அந்நாட்டு மக்களின் அன்றாட உணவு. ஜவ்வாது மலையில் சாமை எப்படியோ, அங்கு டெஃப் அப்படி.

ஊரை அடைந்து சிறிது தூரம் நடந்தோம். சமவெளியாக இருந்த தரை திடீரென்று முடிந்துவிட்டது. எங்கள் காலடிக்குக் கீழே, செங்குத்தான சுவர்களுக்கு நடுவே, ஏறக்குறைய வட்டமாக ஒரு நீர்ப்பரப்பு தோன்றியது. கருநீல நிறம், அலையே இல்லை. அதற்குள் வந்து விழும் ஆறும் இல்லை. அதினின்றும் வெளியேறும் ஓடையும் இல்லை. மழைநீரும் நிலத்தடி நீருமே அதற்கு வாழ்வு. நீர்க்காகங்கள் மட்டும் கரையோரத்துக் கிளைகளில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. அதன் ஆழம் 80 மீட்டருக்கு மேல் என்றார் நண்பர். இருபது மாடிக் கட்டடம் ஒன்றை அதனுள் வைத்தால் கூரையும் வெளியில் தெரியாது. இவ்வூரைச் சுற்றி இத்தகைய ஏரிகள் பல உள்ளன. அவற்றுள் ஹோரா என்னும் ஏரியின் கரையில், ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் ஒரோமோ மக்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள். பசும்புல்லும் மலரும் ஏந்தி வந்து நீரில் இட்டு, மழை தந்த இறைவனுக்கு நன்றி கூறுவார்கள். நம் ஆடிப்பெருக்கு என் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு ஆழமான பள்ளத்தைத் தோண்டியவர் யார்? நண்பர் கீழே அமர்ந்து மண்ணில் கோடு கிழித்துக் காட்டலானார். மாணவர்களே, அவர் சொன்னதை நீங்களும் மனத்தில் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதி, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் மெல்லப் பிளந்து விலகிக்கொண்டிருக்கிறது. பிளவுப் பள்ளத்தாக்கு என்று அதனைச் சொல்வர். அப்பிளவு எத்தியோப்பியாவின் ஊடே செல்கிறது. அங்கு நிலத்தின் மேலோடு மெலிந்திருப்பதால், அடியிலுள்ள உருகிய பாறைக்குழம்பு மேலே ஏறி வர இடம் உண்டாகிறது. ஏறி வரும் வழியில் அக்குழம்பு நிலத்தடி நீரைச் சந்திக்குமாயின் என்னாகும்? காய்ந்த இருப்புச் சட்டியில் நீர்த்துளி விழுந்தால் எப்படிச் சீறுகிறது என்பதை உங்கள் வீட்டு அடுப்படியில் கண்டிருப்பீர்கள். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுகிறது. மூடிய நிலத்துக்குள் அப்பெருக்கம் நிகழ்ந்தால் மேலேயுள்ள மண்ணும் கல்லும் வெடித்துச் சிதறிவிடும். சிதறிய பொருள்கள் சுற்றிலும் விழுந்து வளையம்போல் விளிம்பு கட்டும். நடுவே பள்ளம் எஞ்சும். வெடிப்பு ஓய்ந்த பின் அப்பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாகும். செருமனி நாட்டு ஐஃபல் பகுதியில் இத்தகைய ஏரிகளை 'மார்' என்று அழைத்தனர். அறிவியலாரும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டனர்.

இதனைக் கேட்டதும் என் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான், 1986 ஆகத்து 21ஆம் நாள் இரவு, கேமரூன் நாட்டில் நியோஸ் என்னும் எரிமலை ஏரியிலிருந்து கரியமில வாயு பெருமளவில் வெளிப்பட்டது. அவ்வாயு காற்றினும் கனமானது. ஆதலால் பள்ளத்தாக்குகள் வழியே தரையோடு தரையாகப் பரவிற்று. உறங்கிக்கொண்டிருந்த ஊர்களில் சுமார் 1,700 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். கால்நடைகளும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அடியாழத்து நீரில் ஆண்டுக்கணக்காகக் கரைந்து சேர்ந்திருந்த வாயு ஒருங்கே கிளம்பியதே அதற்குக் காரணம். பின்னாளில், 2001இல், அறிவியலார் அவ்வேரியின் அடிவரை குழாய் இறக்கி, வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்ற வழி செய்தார்கள்.

"இந்த ஏரியும் அப்படிச் செய்யுமோ?" என்று நண்பரைக் கேட்டேன். அவர் அவ்வூரிலேயே பிறந்தவர். அந்நீரிலேயே நீந்தி வளர்ந்தவர். 'செய்யாது' என்று ஒரு சொல்லில் அவர் கூறியிருக்கலாம். என் அச்சமும் தீர்ந்திருக்கும். அவரோ சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து அப்படி நடந்ததாக நான் கேட்டதில்லை. ஆனால் அடியில் எவ்வளவு வாயு இருக்கிறது என்பதை அளந்தவன் நான் அல்லேன். அளக்காததைப் பற்றி உறுதி கூறமாட்டேன்" என்று விடையளித்தார்.

அன்று அவ்விடை எனக்கு நிறைவு தரவில்லை. ஆசிரியராக இருப்பவர் இப்படித் தயங்கலாமா என்றுகூட எண்ணினேன். மாலையில் அவர் வீட்டில் காப்பிக்கொட்டையை எங்கள் கண்முன்னே வறுத்து, இடித்து, மும்முறை காய்ச்சித் தந்தார்கள். திரும்பும்போது கரையோரத்திலிருந்து கைப்பிடி அளவுள்ள கருங்கல் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தேன்கூடுபோல் உடம்பெல்லாம் துளைகள் நிறைந்த கல் அது. குழம்பாக இருந்தபோது அதனுள் இருந்த வாயு குமிழியிட்டு வெளியேறிய தடங்களே அத்துளைகள். கல்லை எடுத்து வந்தேன். நண்பரின் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

தாயகம் திரும்பிப் பல ஊர்களில் பணியாற்றிய பின், 2012இல் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியனாகச் சென்றேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமையும் தேனும் புளியும் விளையும் நாடு. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளே என் மாணவர்கள். பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. அவர்கள் பேசுவது தமிழே. மலையை ஆள்பவர் என்பதே அப்பெயரின் பொருள் என்பர்.

பள்ளிக்கு அருகே குன்றுகள் சூழ்ந்த சிறிய ஏரி ஒன்று உண்டு. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அதன் கரைக்கு அழைத்துச் சென்று, எத்தியோப்பிய ஏரியின் கதையைச் சொன்னேன். துளைக்கல்லையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகள் அதனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் ஏரியும் இப்படித்தான் உண்டாயிற்றா?" என்று வினவினாள்.

மாணவர்களே, அந்த வினாவுக்கு எனக்கு விடை தெரியாது. நான் படித்தது கணிதம். அம்மலையின் பாறைகளைப் பற்றி ஒரு நூலும் படித்தவனல்லேன். ஆயினும் நாற்பது முகங்கள் ஆவலோடு என்னை நோக்கின. சுற்றிலும் குன்றுகள் விளிம்புபோல் நின்றன. "ஆம், இதுவும் பழங்காலத்து எரிமலைவாயாகத்தான் இருக்க வேண்டும்" என்று கூறிவிட்டேன். பிள்ளைகளின் முகத்தில் உண்டான மகிழ்ச்சியைக் கண்டு நானும் மகிழ்ந்தேன்.

அடுத்த வாரம் மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். அவன் கையில் ஐந்தாறு கற்கள் இருந்தன. "ஐயா, ஏரியைச் சுற்றிலும் தேடினேன். எங்கள் கொல்லையிலும், புதிதாகக் கிணறு வெட்டிய இடத்திலும் தேடினேன். தாங்கள் காட்டிய கல்லைப்போல் துளையுள்ள கல் ஒன்றுகூட அகப்படவில்லையே?" என்றான். அவன் கொண்டுவந்த கற்கள் கனமானவை. உடைந்த முகத்தில் பளபளக்கும் மணிகள் நெருங்கியவை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால், "மழையில் எல்லாம் கரைந்து போயிருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு பிழையைக் காக்க இரண்டாவது பிழை வந்து சேர்ந்தது.

சில திங்கள் சென்றபின், மாணவர்களைக் காவலூருக்கு அழைத்துச் சென்றோம். ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில், அறிஞர் வைணு பாப்புவின் முயற்சியால் 1968ஆம் ஆண்டு முதல் வான் ஆய்வு நடந்து வருகிறது. 1977இல் யுரேனசு கோளுக்கு வளையங்கள் உண்டு என்பது வெளிப்பட்டபோது, அதற்குச் சான்று தந்த ஆய்வுக்கூடங்களுள் காவலூரும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியும் அங்கு இயங்குகிறது. பார்வையாளருக்கென வைத்திருந்த சிறிய தொலைநோக்கி வழியே பாதி நிலவைக் கண்டோம். வெளிச்சமும் இருளும் கூடும் எல்லையில் வட்ட வட்டமான பள்ளங்கள் துலக்கமாகத் தெரிந்தன.

"இவையெல்லாம் எரிமலைவாய்களா?" என்று கேட்டான் அந்த மாணவன். அங்கிருந்தவர் புன்னகையோடு, "நெடுங்காலம் அறிஞர் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். இவற்றுள் மிகப் பல, விண்கற்கள் மோதியதால் உண்டானவை என்பது பின்னரே உறுதியாயிற்று. வட்டமாக இருப்பதை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது, அங்குள்ள கல்லைக் கேட்க வேண்டும்" என்றார். மாணவன் ஒன்றும் பேசவில்லை. இருட்டில் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவ்வளவே.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுவாரமே வேலூர் சென்று நூல்களைத் தேடிப் படித்தேன். ஜவ்வாது மலையின் பாறைகள் மிகத் தொன்மையானவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றுள் ஒருவகைக்குச் 'சார்னோக்கைட்டு' என்பது பெயர். கல்கத்தாவில் சோப் சார்னோக் என்பவரின் கல்லறையில் பதித்த கல், சென்னைப் பரங்கிமலைப் பகுதியிலிருந்து சென்றது. அதனை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலவியலறிஞர் அப்பெயரை இட்டார். அண்டையிலுள்ள ஏலகிரியிலோ, உருகிய குழம்பு நிலத்துக்கு அடியிலேயே மெல்ல இறுகிப் பாறையாயிற்று. அதுவும் சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆக, எங்கள் சிறிய ஏரியை எரிமலைவாய் என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை. மாணவன் கொண்டுவந்த கற்களே சரியான விடையைச் சொல்லிவிட்டன. தலைமையாசிரியன் சொன்னதுதான் தவறு.

இத்தகைய பிழை பேரறிஞர்க்கும் நேர்ந்ததுண்டு. மராட்டிய மாநிலத்து லோணார் ஏரி, எரிமலைக் குழம்பு இறுகிய பாறையின் நடுவே வட்டமாக அமைந்தது. அதனால் அதை எரிமலைவாய் என்றே பலரும் கருதினர். மோதலின் அதிர்ச்சியால் மட்டுமே உண்டாகும் கண்ணாடிப் பொருளை 1970களில் அங்குக் கண்டபின், அது விண்கல் வீழ்ந்த பள்ளம் என்பது உறுதியாயிற்று. அமெரிக்க நிலவியலறிஞர் கில்பர்ட்டு, நிலவின் பள்ளங்கள் மோதலால் உண்டானவை என்று 1890களிலேயே சரியாகக் கூறியவர். அவரே, அரிசோனாவிலுள்ள விண்கல் பள்ளத்தை நேரில் ஆராய்ந்துவிட்டு, நீராவி வெடித்து உண்டானது என்று தவறாக முடிவு செய்தார். ஆனால் அவர்கள் ஆராய்ந்து தவறினர். நான் ஆராயாமலே தவறினேன். இரண்டும் ஒன்றாகா.

இதற்குள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. பெற்றோர்களும் ஊர்ப் பெரியவர்களும் திரண்டு வந்திருந்தனர். களிமண்ணால் செய்த எரிமலை ஒன்று மேசைமேல் இருந்தது. அதன் நடுவே எங்கள் ஏரி. கீழே அட்டையில், 'நெருப்பு தோண்டிய நம் ஏரி' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் என் உடம்பு கூசியது. பிள்ளைகள் அரும்பாடுபட்டுச் செய்தது. கலைக்கச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விடுவதற்கும் மனம் இடந்தரவில்லை. மேடையேறி, "இந்த ஏரி எரிமலைவாய் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நானே. அது தவறு. தெரியாததைத் தெரிந்தவன்போல் சொல்லிவிட்டேன். கல்லைத் தேடிப் பார்த்து வினவிய மாணவன் சொன்னதே சரி" என்று அறிவித்தேன்.

கூட்டத்தில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் முதியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த ஏரியை நெருப்பும் வெட்டவில்லை, பூதமும் வெட்டவில்லை. ஓடை பாய்ந்த இடம் அது. என் பாட்டனும் அவர் பங்காளிகளும் கோடை தோறும் கூடையில் மண் சுமந்து கரை கட்டினார்கள். என் பாட்டி சுமந்த கதையை என் தாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் பேரப்பிள்ளைகள் வேறு கதை சொல்கிறார்களே என்று எண்ணினேன். தலைமையாசிரியர் சொன்னதாயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டேன்" என்றார்.

நான் செய்த பிழையின் அளவு அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. நிலவியலில் ஒரு செய்தியைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டுமே அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் அப்பிள்ளைகளின் மூதாதையர் கூடை கூடையாகச் சுமந்து கட்டிய கரையை, ஒரே சொல்லால் அவர்களிடமிருந்து பறித்து, இல்லாத எரிமலைக்குக் கொடுத்துவிட்டேன். பதவியின் மதிப்பு, உண்மை தெரிந்த முதியவரின் வாயையும் அடைத்துவிட்டது.

மறுநாள் பிள்ளைகளே அட்டையை மாற்றி எழுதினார்கள். அந்த முதியவரை வகுப்பறைக்கு அழைத்து வந்து, கரை கட்டிய முறையைச் சொல்லச் சொன்னோம். எந்தப் பக்கத்து மண்ணை எடுத்தார்கள், மழைக்கு முன் கரையை எப்படி மிதித்து இறுக்கினார்கள், மிகுநீர் வழிய எங்கே கல் பதித்தார்கள் என்பதையெல்லாம் அவர் விளக்கினார். நாற்பது ஆண்டுக் கால ஆசிரியப் பயிற்சியில் அத்தகைய பாடத்தை நான் நடத்தியதில்லை. அன்று நான் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டேன்.

மாணவர்களே, உலகில் அழகிய ஏரிகள் பல உண்டு. வாய்ப்புக் கிட்டினால் சென்று காணுங்கள். பிஷோப்டுவின் கருநீல நீரை நான் என்றும் மறவேன். ஆனால் எந்த ஏரியின் கரையில் நின்றாலும், இது எவ்வாறு உண்டாயிற்று என்று கேளுங்கள். அங்குள்ள கல்லைக் கேளுங்கள். அங்கு வாழும் முதியவரைக் கேளுங்கள். உங்கள் ஆசிரியர் கூறும் விடை கல்லோடு பொருந்தவில்லையானால், பணிவோடு, ஆனால் அஞ்சாமல், கல்லை அவர்முன் கொண்டுபோய் வையுங்கள். நாளை நீங்களே ஆசிரியராக வரும்போது, தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லத் தயங்காதீர்கள். எத்தியோப்பிய நண்பர் எனக்கு ஒரே சொல்லில் கற்பித்த அதனைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

அந்தத் துளைக்கல் இப்போது என்னிடம் இல்லை. ஓய்வு பெற்ற நாளில் அதனை அந்த மாணவனிடம் கொடுத்தேன். அவன் பதிலுக்குத் தன் கற்களுள் ஒன்றை என் கையில் வைத்தான். ஜவ்வாது மலைக் கல்; கனமானது; துளை ஒன்றும் இல்லாதது. என் மேசைமேல் இருப்பது அதுதான்.